பேசாத பிள்ளை எப்படிக் கற்கிறது?

மூன்று வயதாகியும் கதைக்காத பிள்ளையைப் பற்றி மன்னார்க் கரையில் வீட்டாரும் அயலவரும் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "பெடியன் பிந்தித்தான் கதைப்பான், தகப்பனும் அப்பிடித்தான்." பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வங்காலையிலும் இந்த ஆறுதல் வார்த்தைக்கு மத வேறுபாடு கிடையாது. பல பிள்ளைகள் விடயத்தில் அது பலித்தும் விடுகிறது. பிந்திப் பேசத் தொடங்கி, பிறகு பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஈடாகப் படித்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்; அதனால்தான் அந்த வார்த்தையை நம்புகிறார்கள். ஆனால் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டி ஒன்றையும் காட்டாத, விளையாட்டு வண்டியின் ஒரே சில்லை மணிக்கணக்காகச் சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையும் அதே ஆறுதலின் கீழ் வளர்கிறது. மூளை மிக எளிதாக வளைந்துகொடுக்கும் வருடங்கள் காத்திருப்பிலேயே கழிந்துவிடுகின்றன. இவ்விரு பிள்ளைகளையும் நேரத்தோடு வேறுபடுத்தி அறிய இன்று நம்மிடம் உள்ள முதன்மையான வழி, பெரியவர்களிடம் கேள்வி கேட்பது. அறிய வேண்டியது பிள்ளையின் மூளையை, விசாரிப்பதோ தாயை. இதற்கு மாறாக, பேச்சோ கட்டளையோ தேவைப்படாத எளிய கற்றல் பரிசோதனைகள், ஓட்டிசம் (autism) எனப்படும் வளர்ச்சி வேறுபாடு உள்ள பிள்ளையின் மூளை வேலை செய்யும் விதத்தை நேரடியாகக் காட்டத் தொடங்கியிருக்கின்றன. அவை பிறந்தது பெருநகர ஆய்வுகூடங்களில் என்றாலும், அவற்றின் தேவை மன்னார் போன்ற கரைகளுக்கே கூடுதலாக உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கேள்வி கேட்கும் முறை எங்கே தடுமாறுகிறது என்பதற்கு இலங்கையிலேயே சான்று இருக்கிறது. சிறுவர் மனநல வைத்தியப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய சகாக்களும், ஓர் அரைநகர்ப்புறச் சமூகத்தில் 18 முதல் 24 மாத வயதுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து 2009ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகெங்கும் பயன்படும் கேள்விப் பட்டியல் ஒன்றைத் தழுவிய கேள்விகளைத் தாய்மாரிடம் கேட்டார்கள். பிள்ளைகளை நேரில் பார்த்தும் முடிவு செய்தார்கள். 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் இருப்பது தெரியவந்தது. நாட்டில் ஓட்டிசம் அரிது என்ற எண்ணத்தை அந்த ஓர் எண்ணே உடைத்தது. இன்னொரு முடிவுதான் கூடுதலாக யோசிக்க வைக்கிறது: ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினரையே அந்தக் கேள்விகள் பிடித்தன. ஆய்வில் ஓட்டிசம் இருந்த பிள்ளைகளின் தொகை மிகச் சிறியது என்பதால் அந்த வீதத்தைக் கல்லில் எழுத முடியாது. என்றாலும் அது காட்டும் திசை தெளிவானது. தாய் பொய் சொல்லவில்லை. கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்த விதம்தான் பிழைத்தது. "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்குமா?" என்று கேட்டால், நாலு தரம் கூப்பிட்டு ஒருதரம் பார்த்த பிள்ளைக்கும் எந்தத் தாயும் "ஓம், பார்க்கும்" என்றுதான் சொல்வார். பெரேரா பிற்பாடு படங்களைக் காட்டி விசாரிக்கும் ஒரு கருவியை உருவாக்கியது இந்தத் தடையை உணர்ந்ததால்தான்.

மன்னாரில் இந்தத் தடை இரட்டிப்பாகிறது. மாவட்டம் சிறியது, ஆனால் அதற்குள் பேசப்படும் தமிழ் ஒன்றல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடம் வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் முசலியிலும் எருக்கலம்பிட்டியிலும் இருக்கின்றன. படகேறி இராமேஸ்வரம் சென்று, மண்டபத்திலும் பிற முகாம்களிலும் பிள்ளைகளை வளர்த்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். மலையகத்திலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியவர்களும் தீவின் பழைய மீனவக் குடும்பங்களும் இருக்கிறார்கள். ஒரே சொல்லுக்கு இவர்கள் வீடுகளில் வேறு வேறு வழக்கு. சொற்களை எண்ணி அளக்கும் எந்தப் பட்டியலும் இங்கே முதலில் பிள்ளையின் ஊரைத்தான் அளக்கும், பிறகுதான் மூளையை. பதில் சொல்பவரும் எப்போதும் தாயாக இருப்பதில்லை. தாய் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போயிருக்கும் வீட்டில் அம்மம்மாதான் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவருவார். பத்துப் பிள்ளைகளைப் பார்த்தவர் என்பதால் அவர் எளிதில் கவலைப்படவும் மாட்டார். நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய நிபுணரிடம் போவதென்றால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவு. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்து ராகமவில் 2020இல் திறக்கப்பட்ட அயதி நிலையம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பஸ்ஸிலும் ரயிலிலும் அவ்வளவு தூரம் அலைந்து, பழகாத இடத்தில், பழகாத மொழிச் சூழலில் அரை மணி நேரம் அழுதுவிட்டு வரும் பிள்ளை தன் இயல்பை அங்கே காட்டுமா என்பது வேறு கேள்வி.

இனி பரிசோதனைக்கு வருவோம். கண்ணில் மெல்லக் காற்று ஊதினால் இமை மூடும். இதைக் கற்கத் தேவையில்லை. ஊதுவதற்கு அரைச் செக்கன் போன்ற சிறிய நேரத்துக்கு முன் ஒரு மெல்லிய ஒலியைக் கேட்க வைத்து, இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், சில பத்துத் தரங்களுக்குப் பிறகு ஒலியைக் கேட்டதுமே, காற்று வருவதற்குச் சற்று முன், இமை தானாக மூடிக்கொள்ளும். இதுதான் இமைக் கற்றல். பாவ்லோவின் நாய்கள் மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய அதே வகை. ஆனால் இதில் ஒரு நுட்பம் கூடுதலாக உண்டு. இமை மூடினால் மட்டும் போதாது, காற்று வந்து படும் கணத்தில் அது முழுதாக மூடியிருக்க வேண்டும். மூளை இரண்டு நிகழ்வுகளைத் தொடர்புபடுத்துவதோடு, அவற்றுக்கு இடையிலுள்ள நேரத்தையும் கற்றுக்கொள்கிறது. 1980களில் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் தொம்ப்சனின் குழு முயல்களில் ஆராய்ந்து, இந்தக் கற்றலின் இருப்பிடத்தைச் சிறுமூளைக்குள் ஒரு நுண்ணிய பகுதி வரை துரத்திச் சென்று கண்டது. அந்தப் பகுதி சிதைந்தால், காற்று ஊதும்போது முயல் வழமைபோல் கண்ணை மூடும். ஒலியிலிருந்து கற்றது மட்டும் அழிந்துவிடும். மனித மூளையில் ஒரு கற்றலுக்கும் ஒரு நரம்புச் சுற்றுக்கும் இவ்வளவு துல்லியமாக முடிச்சுப் போடப்பட்ட வேறு பரிசோதனைகள் மிகக் குறைவு. இதற்குப் பிள்ளை ஒரு சொல்லும் விளங்கிக்கொள்ளத் தேவையில்லை. பிறந்து ஓரிரு நாளே ஆன சிசுக்கள் உறக்கத்திலேயே இவ்வகைக் கற்றலைச் செய்வதை 2010இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மொழியும் வீட்டுச் சூழலும் குறுக்கிடாத அளவுகோல் ஒன்று உண்டென்றால் அது இதற்கு அருகில்தான் இருக்கும்.

ஓட்டிசத்தோடு சிறுமூளையைத் தொடர்புபடுத்துவதற்குக் காரணம் ஏற்கெனவே இருந்தது. இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்த மார்கரெட் போமனும் தோமஸ் கெம்பரும், ஓட்டிசம் இருந்தவர்களின் சிறுமூளையில் புர்கின்ஜி கலங்கள் குறைந்திருப்பதை 1985 முதல் தெரிவித்து வந்தார்கள். அந்தக் கலங்கள்தான் இமைக் கற்றலின் நேரத்தை வரையறுப்பவை. எனவே ஓட்டிசம் உள்ளவர்கள் இமைக் கற்றலில் பின்தங்குவார்கள் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். 1994இல் லோனி சியர்ஸ், பீற்றர் ஃபின், ஜோசப் ஸ்ரைன்மெட்ஸ் ஆகியோர் ஒரு சிறு குழுவைப் பரிசோதித்தபோது நேர்மாறானது தெரிந்தது: ஓட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட விரைவாகக் கற்றார்கள். பிழைத்தது நேரம். அவர்களின் இமை தேவைக்கு முன்னரே, தேவைக்கு மேல் வலுவாக மூடியது. கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டின் தாளத்துக்கு முந்திக் கயிற்றை இழுப்பவரிடம் பலம் இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் கை மற்றக் கைகளோடு சேரவில்லை, அவ்வளவுதான். 2013இல் ஒறிஸ்ராக்லியோவும் சகாக்களும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இதை மேலும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஒலியும் காற்றும் ஒன்றன்மேலொன்று படியும்போது பிள்ளைகளின் இமை முந்திக்கொண்டது. ஒலி நின்று ஓர் இடைவெளிக்குப் பிறகு காற்று வந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. இடைவெளி வந்தால் சிறுமூளைக்கு வேறு பகுதிகளும், குறிப்பாக நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸும் துணைக்கு வரவேண்டியிருக்கிறது. ஆகவே "மூளையில் ஏதோ கோளாறு" என்ற மொட்டைப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. எந்தச் சுற்று வேறுவிதமாக ஓடுகிறது, எது வழமைபோல் ஓடுகிறது என்பதைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு, வெறும் இமை அசைவே போதுமானதாக இருக்கிறது. 2015இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வாங்கின் ஆய்வுகூடம், ஓட்டிசத்தோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் கொண்ட ஐந்து வகை எலிகளைப் பரிசோதித்தது. ஐந்திலும் இமைக் கற்றல் ஏதோ ஒரு வகையில் மாறியிருந்தது. மாறிய விதமோ ஒவ்வொன்றிலும் வேறு. ஓட்டிசம் என்ற ஒரே பெயரின் கீழ் பல பாதைகள் இருக்கின்றன என்று வைத்தியர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவந்ததற்கு இது கண்ணால் காணக்கூடிய சான்று.

இமையைவிட நம் வாழ்வுக்கு நெருக்கமான பரிசோதனைகளும் உண்டு. பால்ரிமோர் நகரில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளைகள் ஒரு கைப்பிடியைப் பிடித்து இலக்கை நோக்கி நகர்த்தினார்கள். கைப்பிடியோடு இணைந்த இயந்திரம் கையைச் சற்று ஒரு பக்கம் தள்ளியது. தள்ளலை ஈடுசெய்யப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே அளவு கற்றார்கள். ஆனால் மற்றப் பிள்ளைகள் கண்ணால் கண்டதையும் கை உணர்ந்ததையும் சேர்த்துக் கற்ற இடத்தில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் தசையும் மூட்டும் தந்த உணர்வையே பெரிதும் நம்பினார்கள். அப்படி நம்பிய அளவு கூடக்கூட, அவர்களுடைய சமூகத் தொடர்பாடலின் சிரமமும் கூடியிருந்தது. இன்னொரு பரிசோதனை இன்னும் எளியது: இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்தால் வெகுமதி, கற்றபின் சரியான விடை மாறிவிடும். 2013இல் டி குரூஸும் சகாக்களும் வெளியிட்ட முடிவில், ஓட்டிசம் உள்ளவர்கள் புதிய விடையைக் கண்டுபிடிக்கவே செய்தார்கள். ஆனால் கண்டுபிடித்த பின்னும் பழைய விடைக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அப்படிப் போன அளவுக்கும், அன்றாட வாழ்வில் ஒரே பழக்கத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் அளவுக்கும் தொடர்பு இருந்தது. மாற்றத்தைக் கற்பதும் மாற்றத்தில் நிலைத்து நிற்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பதை இது சொல்கிறது. பாதை மாறிப் போனால் அழுது புரளும் பிள்ளையைப் "பிடிவாதம்" என்று கண்டிக்கும் பெரியவர்கள் இதை அறிந்திருந்தால், பிள்ளைக்கு எத்தனை அடிகள் குறைந்திருக்கும்.

இந்தச் சான்றுகள் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஓட்டிசம் உள்ள பிள்ளை கற்கிறது. சில வேளைகளில் விரைவாகவே கற்கிறது. கற்கும் வழிதான் வேறு. ஒரு முன்பள்ளி ஆசிரியைக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பாருங்கள். "பாத்துச் செய்" என்று சொல்லிக் கரும்பலகையில் வரைந்து காட்டினால், பார்வையை நம்பாத பிள்ளை அதில் எதையும் பெறாமல் போகலாம். அதே பிள்ளையின் கையைப் பிடித்து மணலில் "அ" எழுதப் பழக்கினால், அது நம்பும் வழியிலேயே பாடம் உள்ளே போகக்கூடும். நம் ஏடு தொடக்கும் வழக்கம் அரிசியில் விரல் பிடித்து எழுதுவிப்பதாக இருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. ஆய்வுகூட முடிவிலிருந்து வகுப்பறைக்கு ஒரே பாய்ச்சலில் போய்விட முடியாது என்பது உண்மை. ஒவ்வொரு பிள்ளையிடமும் செய்து பார்க்க வேண்டியது அது. ஆனால் எதைச் செய்து பார்ப்பது என்பதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கிறது. கேள்விப் பட்டியல் எவ்வளவு நன்றாக மொழிபெயர்க்கப்பட்டாலும் தராத விடயம் அது.

முதல் மறுப்பு அறிவியலிலிருந்தே வரும், அது வலுவானது. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களில் நடந்தவை. குழுக்களுக்கிடையே சராசரி வேறுபாடு இருப்பதும், கதிரையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் உண்டா இல்லையா என்று சொல்வதும் ஒன்றல்ல. இதை எண்ணில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், 475 சிறு பிள்ளைகளுக்குத் திரையில் சில காட்சிகளையும் ஒரு விளையாட்டையும் காட்டி, கமரா வழியாக அவர்களின் பார்வையையும் முகத்தையும் விரல் அசைவையும் அளந்தார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் 87.8 வீதத்தினரை அது இனங்கண்டது. ஓட்டிசம் இல்லாதவர்களில் 80.8 வீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. இதே கருவியை மன்னார்க் கரையில் 1000 பிள்ளைகளுக்குப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் 10 பேருக்கு ஓட்டிசம் இருக்கும். அவர்களில் 9 பேரை அது பிடிக்கும். கூடவே ஓட்டிசம் இல்லாத ஏறக்குறைய 190 பிள்ளைகளையும் பிடித்துவிடும். இந்தக் கணக்கைத் தெரியாமல் "அப் ஒன்று போதும், ஓட்டிசத்தைக் கண்டுபிடித்துவிடும்" என்று விற்க வருபவர்களிடம் சுகாதார அதிகாரிகள் கடுமையாக நடந்துகொள்ள வேண்டும். நான் கேட்பது வேறு. இந்தப் பரிசோதனைகளைப் பெயர்சூட்டும் கருவியாக அல்லாமல், ஒரு பிள்ளையைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ளும் கருவியாகக் கொண்டால், 190 பேர் மேலதிகமாக வந்தது பேரழிவாகாது. அவர்களில் காது கேளாத பிள்ளை இருக்கலாம், பேச்சு மட்டும் பிந்திய பிள்ளை இருக்கலாம், வேறு வளர்ச்சிச் சிக்கல் உள்ள பிள்ளையும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாதவர்களும் நிறைய இருப்பார்கள். இரண்டாம் தரம் ஒருவர் அமர்ந்து பார்ப்பதால் அவர்கள் யாருக்கும் இழப்பில்லை, அந்த இரண்டாம் பார்வை ஊருக்கு அருகிலேயே கிடைக்குமானால்.

கிடைக்குமா என்பதற்கு டில்லி ஒரு பதில் தந்திருக்கிறது. சங்கத் என்ற அமைப்பும் பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிஸ்மதேவ் சக்ரவர்த்தியும் சேர்ந்து நடத்திய 'ஸ்டார்ட்' என்னும் ஆய்வில், வைத்தியரோ உளவியலாளரோ அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் ஒரு ரப்லற்றை எடுத்துக்கொண்டு வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளுக்கே போனார்கள். குமிழிகளைத் தொட்டு உடைப்பது, ஓடும் உருவத்தை விரலால் பின்தொடர்வது, வண்ணம் தீட்டுவது, சுழலும் சில்லைப் பார்ப்பது, முகத்தைப் பார்ப்பதா கோலத்தைப் பார்ப்பதா என்று தெரிவுசெய்வது போன்ற விளையாட்டுகள்தான் பரிசோதனை. 2 முதல் 7 வயது வரையான 131 பிள்ளைகள் பங்குபற்றினார்கள். வளர்ச்சிச் சிக்கல் உள்ளவர்களை இல்லாதவர்களிடமிருந்து 86 வீதம் சரியாகவும், ஓட்டிசத்தை அறிவுத்திறன் குறைபாட்டிலிருந்து 78 வீதம் சரியாகவும் பிரிக்க முடிந்தது. இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைவுதான். ஆனால் அனுபவமுள்ள நிபுணரும் தடுமாறும் இடம் அது. இலங்கையில் இதற்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் ஏற்கெனவே இருக்கிறார். 18 மாதத் தடுப்பூசிக்கும் மூன்று வயதுத் தடுப்பூசிக்கும் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கிளினிக்குக்கு வருகிறார்கள், கையில் கிளினிக் கொப்பியோடு. புதிதாக ஒரு நிர்வாகத்தைக் கட்டியெழுப்பத் தேவையில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: பரிசோதனையை ஊசி போட முன்னர் செய்ய வேண்டும், அல்லது வேறொரு நாளில். தடுப்பூசிதான் ஓட்டிசத்தைத் தருகிறது என்று 1998இல் கிளப்பப்பட்ட பொய்யை, வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுவிட்டது. ஆனாலும் அது இன்னும் கைத்தொலைபேசிகளில் உலாவுகிறது. ஊசி போட்ட கையோடு அதே மேசையில் ஓட்டிசப் பரிசோதனையும் நடந்தால் அந்தப் பொய்க்கு நாமே தீனி போட்டவர்களாவோம்.

இரண்டாவது மறுப்பைப் பெற்றோரே சொல்வார்கள்: "கண்டுபிடிச்சு என்ன செய்யிறது? இஞ்ச சிகிச்சை எங்க இருக்கு?" இது விரக்தியில் வரும் கேள்வி என்றாலும் நியாயமானது. பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் தேவைக்கு ஏற்ப இல்லாத மாவட்டத்தில், கண்டுபிடிப்பு மட்டும் ஒரு துயரச் செய்தியாகவே வீட்டுக்குப் போகும். ஆனால் சிகிச்சை என்றால் நிலையம், நிலையம் என்றால் நகரம் என்ற சமன்பாடு உடைந்துகொண்டிருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடத்தப்பட்டு 2016இல் வெளியான பரிசோதனையில், நிபுணரல்லாத பணியாளர்கள் பெற்றோரோடு அமர்ந்து, பிள்ளையின் சிறு சைகைக்கும் எப்படிப் பதில் கொடுப்பது என்று பழக்கினார்கள். பெற்றோரின் பதில் கொடுக்கும் விதம் மாறியது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முயல்வதும் கூடியது. ஹேமமாலி பெரேராவின் குழுவும் அதே ஆண்டில், தாயே வீட்டில் பயிற்சியளிக்கும் முறையின் பயனை இலங்கைப் பிள்ளைகளிடம் பதிவுசெய்தது. வீட்டில் நடக்கும் பயிற்சிக்குத்தான் கற்றல் பரிசோதனையின் முடிவு மிகவும் பயன்படும். நிபுணருக்குப் பல வருட அனுபவம் உண்டு, தாய்க்கு இல்லை. எதிலிருந்து தொடங்குவது, கண் வழியா கை வழியா, ஒரு மாற்றத்தை எத்தனை நாள் நிலைநிறுத்தினால் பிள்ளை பழையதற்குத் திரும்பாது என்ற குறிப்புகள் அவருக்கு வேண்டும்.

பெயர் வைத்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் சிகிச்சை பற்றிய கவலையைவிட ஆழமானது. அக்காவின் கலியாணம் குழம்பும், பிள்ளையை முன்பள்ளியில் எடுக்கமாட்டார்கள், தாயின் வயிற்றில் குறை என்பார்கள். மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் தர்காவுக்கும் நேர்ந்து வைத்த பின்னும் பேச்சு வராதபோது, பழி கடைசியில் தாயின் மேல்தான் வந்து விழுகிறது. இந்தப் பழி நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க வைத்தியர்களும் எழுத்தாளர்களும், பாசமற்ற தாயால்தான் ஓட்டிசம் வருகிறது என்று படித்தவர்களுக்கே உரிய தோரணையோடு சொன்னார்கள். புரூனோ பெட்டெல்ஹைம் அதைப் பரப்பினார். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பேர்னாட் ரிம்லண்ட் 1964இல் அதற்கு எதிராக நூல் எழுதினார். பழியைக் களைந்தது கருணை மட்டும் அல்ல. மூளையைப் பற்றிய சான்றும்தான். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைட் மருந்தால் கருவிலேயே பாதிக்கப்பட்டவர்களைச் சுவீடனில் ஆராய்ந்து 1994இல் வெளியிட்டபோது, கருவுற்ற 20 முதல் 24 நாளுக்குள் அந்த மருந்தின் தாக்கத்துக்கு உள்ளானவர்களிடையே ஓட்டிசம் காணப்பட்டது. தாய்க்குத் தான் கருவுற்றதே தெரியாத நாட்கள் அவை. இன்று நம் கரையில் புதிய பழிகள் முளைத்திருக்கின்றன: கைத்தொலைபேசி குடுத்ததால வந்தது, தாய் வெளிநாடு போனதால வந்தது, இடம்பெயர்ந்து அலைஞ்சதால வந்தது. கைத்தொலைபேசியைக் குறைப்பது நல்லதுதான். அது வேறு விடயம். தன் பிள்ளையின் இமை சற்று முந்தி மூடுவதை வரைகோட்டில் பார்க்கும் தாயிடம், "இது உங்கள் வளர்ப்பால் வந்ததல்ல, சிறுமூளையின் நேரக்கணக்கு" என்று சொல்ல முடியும். அந்த வாக்கியம் எந்த ஆறுதல் வார்த்தையையும்விட உறுதியானது, ஏனெனில் அதைக் காட்டியும் சொல்லலாம்.

இன்னும் இரண்டு கவலைகளை நான் இலகுவாக ஒதுக்கமாட்டேன். ஒன்று, பிள்ளைக்கு நேரும் துன்பம். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சத்தமும் தொடுகையும் வலியாகவே இருக்கும். கண்ணில் காற்று ஊதுவதையும் தலையில் கருவி மாட்டுவதையும் அவர்கள் சகிக்கமாட்டார்கள். 2023இல் வெளியான ஒரு முறை கைத்தொலைபேசியின் கமராவால் இமையைப் பின்தொடர்ந்து, காற்றுக்குப் பதிலாகத் திரையின் ஒளி வெட்டையும் ஒரு சத்தத்தையும் பயன்படுத்துகிறது. தலையில் எதுவும் மாட்டத் தேவையில்லை, வீட்டிலேயே செய்யலாம். சத்தம் அதிலும் இருக்கிறது. ஆகவே அழும் பிள்ளையிடம் பரிசோதனையை உடனே நிறுத்துவது விதியாக இருக்க வேண்டும். நிறுத்தியதை "தோல்வி" என்று பதியவும் கூடாது. மற்றது, தகவல். போரும் கடல்கோளும் கடந்த வடகிழக்கில், படிவங்களோடு வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் ஏராளம். எழுதியது எங்கே போனது என்று மக்களுக்குத் திரும்பச் சொன்னவர்கள் குறைவு. பிள்ளையின் முகமும் கண்ணும் பதிவான காணொளி வெளிநாட்டுக் கம்பனியின் கணினியில் போய்ச் சேர்ந்து அதன் விற்பனைப் பொருளாக மாறக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்கும் பிள்ளைகளின் தகவலுக்கும் விசேட பாதுகாப்பு வேண்டும் என்கிறது. அந்தப் பாதுகாப்பைச் சட்டப் புத்தகத்தில் விட்டுவிடாமல், தமிழில், தாய் வாசித்து விளங்கும் ஒரு பக்கச் சம்மதப் பத்திரமாக ஆக்கிய பின்னரே முதல் பிள்ளையின் முன் கமராவைத் திருப்ப வேண்டும்.

மன்னாரில் இதைத் தொடங்குவதானால் தொடக்கம் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளாக இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். ரப்லற்றையே தொடாத பிள்ளைக்கும் நாள் முழுதும் கைத்தொலைபேசி பார்க்கும் பிள்ளைக்கும் விரல் வேறுவிதமாகவே ஓடும். டில்லிப் பிள்ளைகளின் அளவையும் அமெரிக்கப் பிள்ளைகளின் அளவையும் இங்கே அப்படியே பொருத்தினால், 2009இல் கேள்விப் பட்டியலுக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் போன்ற ஒரு நிறுவனம் முன்வந்து, தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரை, தீவிலும் பெருநிலத்திலும், வழமையாக வளரும் பிள்ளைகள் இந்த விளையாட்டுகளை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் அளக்க வேண்டும். அந்த அளவு கைக்கு வந்த பிறகே வேறுபடும் பிள்ளையை வேறுபடுவதாகச் சொல்ல முடியும். காது கேட்கும் பரிசோதனை இதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்; ஒலியைக் கேளாத பிள்ளை ஒலியிலிருந்து கற்கவில்லை என்று எழுதுவது அநியாயம். முடிவுத் தாளில் புள்ளி வேண்டாம், தரவரிசை வேண்டாம். பிள்ளை எந்த வழியில் விரைவாகக் கற்றது, எந்த இடத்தில் முந்தியது, மாற்றம் வந்தபோது எவ்வளவு நேரம் தேவைப்பட்டது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் நாலு வரியில் கிளினிக் கொப்பியில் எழுதினால், அதே கொப்பியைத் தாய் முன்பள்ளிக்கும், ஐந்து வயதில் முதலாம் ஆண்டுக்கும் கொண்டுபோகலாம். அங்கே அதைத் திறந்து வாசிக்கும் ஆசிரியைக்கு விளங்கும் மொழியில் அந்த நாலு வரியும் இருக்கின்றனவா என்பதை, முதல் வருடம் முடிவதற்குள் அந்த ஆசிரியையிடமே கேட்டுத் திருத்த வேண்டும்.